இரண்டு தட்டு

என் வீட்டுக்காரருக்குத் தட்டாமல் எந்தக் கதவையும் திறக்கத் தெரியாது. எங்கள் சமையலறைக்குக் கதவே கிடையாது. அங்கேயும் நிலையில் விரலால் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். "யாரு வெளியில, கவர்னரா?" என்று கேட்பேன். சிரிப்பார். மறுநாளும் தட்டுவார்.

எல்லாம் தொழில் பழக்கம். கருணாகரன் என்று பெயர். மலாக்கா பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிலிம் கழுவுகிற வேலை. நானும் அதே இருட்டு ஜாதிதான். காஜா பெராங்கில் கலியாணசுந்தரம் அண்ணனின் ஸ்டூடியோவில் டார்க் ரூம் வேலை எனக்கு. படம் எடுக்க வரும் பெண்களுக்குப் பொட்டும் பூவும் சரிசெய்ய ஒரு பெண் வேண்டும் என்றுதான் என்னைச் சேர்த்தார் அண்ணன். போகப் போக பிலிம் கழுவுவது, பிரதி போடுவது எல்லாம் என் தலையில் வந்து விழுந்தது. ஆஸ்பத்திரியில் பிலிம் கழுவுகிற ஹைப்போ மருந்து தீர்ந்துபோன ஒரு நாள், எங்கள் கடையில் ஒரு புட்டி கேட்டு வந்தார் இவர். நான் உள்ளே இருந்தேன். கதவில் மூன்று தட்டு விழுந்தது.

டார்க் ரூம் பாஷை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வெளியில் இருப்பவர் மூன்று முறை தட்டினால், 'வரலாமா?' என்று அர்த்தம். உள்ளே இருப்பவர் பிலிமையும் பேப்பரையும் பெட்டியில் மூடிவிட்டு இரண்டு முறை தட்டினால், 'வரலாம்.' உள்ளேயிருந்து சத்தமே வராவிட்டால், ஏதோ திறந்து கிடக்கிறது, கதவைத் தொடாதே என்று அர்த்தம். வெளிச்சம் ஒரு கீற்றுப் பட்டாலும் அன்றைய வேலை பாழ். அன்று நான் இரண்டு தட்டு தட்டினேன். அவர் உள்ளே வந்தார். ஒரு வருடத்தில் கல்யாணம் ஆயிற்று.

ஐம்பத்தைந்தாம் வருடம் அவரை ஆஸ்பத்திரியில் பயிற்சிக்கென்று இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். இரண்டு வருடம். ஓர் இரவல் பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு, "போகட்டுமா வேணி?" என்று என்னிடம் கேட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எல்லாம் முடிவாகி, சிங்கப்பூரில் கப்பலும் வந்து நிற்கப் போகிறது, இப்போது என்ன கேள்வி?

"போறதுன்னா போங்க. என்னைய எதுக்குக் கேக்குறீங்க?" என்றேன்.

அவர் முகம் சுண்டிப்போயிற்று. வாயை அடக்கத் தெரியாதவள் என்று எனக்கு ஊரில் பெயர் உண்டு. சொல்ல வேண்டியதைச் சொல்லத் தெரியாதவள் என்பது எனக்கு மட்டுந்தான் தெரியும்.

அவருடைய அம்மா பொன்னம்மா, என் அத்தை, மகனுக்கு ஒரு தாயத்துச் செய்தாள். கடல் தாண்டிப் போகிறவனுக்குக் கடலில் கிடந்த உலோகம்தான் காவல் என்று அவளே ஒரு சட்டம் போட்டு, மீன் வலையில் கட்டுகிற ஈயக்குண்டு ஒன்றை உருக்கிச் சுண்டுவிரல் நீளத்துக்குக் குழாய் வார்த்து வாங்கி வந்தாள். கோயில் திருநீற்றைக் கொஞ்சம் அதில் போட்டு, "இந்தா, ரெண்டு பக்கமும் மெழுகு ஊத்தி அடை" என்று என்னிடம் கொடுத்துவிட்டுப் பசாருக்குப் போய்விட்டாள். வீட்டில் யாரும் இல்லை. ஒரு தடித்த நூலை எடுத்து, மெழுகில் தோய்த்து, நடுவில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு முடிச்சுப் போட்டேன். அதைக் குழாய்க்குள் விட்டு இரண்டு வாயையும் மெழுகால் அடைத்தேன். இரண்டு முடிச்சு, இரண்டு தட்டு. எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

"இதத் தொறந்து கிறந்து பாத்துடாத. தொறந்தா பலன் போயிடும்" என்று அத்தை அவர் கையில் கட்டிவிட்டாள். அவர் தலையை ஆட்டினார். அவர் தலையாட்டினால் அது சத்தியம் மாதிரி. அது தெரிந்துதான் அந்த நூலை உள்ளே வைத்தேனோ என்று பிற்பாடு பல நாள் யோசித்திருக்கிறேன். கேட்க மாட்டார் என்று தெரிந்த இடத்தில் சொல்வது சுலபம்.

மாதம் ஒரு கடிதம் வரும். அத்தைக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும். பத்து பெரெண்டாம் விமானத் திடல் பக்கம் விமானம் இறங்குகிற சத்தம் கேட்டாலே, "காயிதம் வந்துருச்சு, நாளைக்குக் குடுத்துருவான்" என்று வாசலுக்குப் போய்விடுவாள். அம்மா காது கேட்கப் பெண்டாட்டி படிக்கப்போகிற கடிதத்தில் மனுஷன் என்னத்தை எழுதுவார்? குளிரைப் பற்றி எழுதினார். உருளைக்கிழங்கைப் பற்றி எழுதினார். பிறகு வேலையைப் பற்றி எழுத ஆரம்பித்தார், அதுதான் வினை.

எக்ஸ்ரே படிக்கப் போனவரைக் கை சுத்தம் பார்த்து ஓர் அணு ஆராய்ச்சிக்கூடத்து டார்க் ரூமுக்கு எடுத்துக்கொண்டார்கள். அங்கே நியூட்ரான் என்று ஒன்றைப் படம் பிடிக்கிறார்களாம். எக்ஸ்ரே ஈயத்தைக் கண்டால் நின்றுவிடும். நியூட்ரான் ஈயத்துக்குள் கண்ணாடிக்குள் போகிற மாதிரி போய்விடுமாம். ஆனால் மெழுகு, தண்ணீர், பூ, நூல் மாதிரி சாதுவான பொருள்களிடம் மாட்டிக்கொள்ளுமாம். அதைவிட அதிசயம், படம் பிடிக்கிற பிலிமுக்கு நியூட்ரான் தன் மேல் விழுவதே தெரியாதாம். அதனால் இண்டியம் என்ற ஓர் உலோகத் தகட்டை எதிரே வைப்பார்களாம்.

இந்த இடத்தில் அத்தை என் கையைப் பிடித்தாள். "என்னா சொன்ன? இந்தியாவா?"

"இந்தியா இல்ல அத்தை, இண்டியம். தகடு."

"இந்தியாவுல வேல குடுத்துட்டாங்களா அவனுக்கு?"

எவ்வளவு சொல்லியும் அவள் மண்டையில் ஏறவில்லை. மறுநாள் காலைக்குள் காஜா பெராங் முழுக்க, பொன்னம்மா மகன் இந்தியாவுக்குப் போகிறான், அங்கே தகடு வைக்கிறான் என்று பரவிவிட்டது. செய்வினைத் தகடா என்று இரண்டு பேர் என்னிடமே வந்து கேட்டார்கள். அன்றைக்கு முடிவு செய்தேன், இனிமேல் நியூட்ரான் வருகிற பத்தியை வாய்விட்டுப் படிப்பதில்லை என்று. வாய்விட்டு என்ன, மனசுக்குள்ளும் படிக்கவில்லை. எனக்கு அந்த வார்த்தைகளைப் பார்த்தாலே எரிச்சலாக வந்தது. ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இருக்கிற பெண்டாட்டிக்கு எழுத ஈயமும் மெழுகும்தானா கிடைத்தது? 'உன்னை நினைத்துக்கொண்டேன்' என்று ஒரே ஒரு வரி, அத்தை காதில் விழுந்தால் விழுந்துவிட்டுப் போகிறது என்று எழுதினால் குடியா முழுகிவிடும்? அந்த வரியைத்தான் ஒவ்வொரு கடிதத்திலும் தேடினேன். அது இல்லை என்றதும் மடித்து பிஸ்கட் டின்னில் போட்டுவிடுவேன்.

ஐம்பத்தேழு ஜூலை கடைசியில் ஒரு கடிதம் வந்தது. செப்டம்பரில் இரண்டு வருடம் முடிகிறது. தேதி எழுதியிருப்பாரா என்று ஆவலோடு பிரித்தேன். முதல் பத்தியில் நலம் விசாரிப்பு. பிறகு பக்கம் முழுக்க நியூட்ரான். என் கண் வரிகளைத் தாண்டித் தாண்டிக் கீழே ஓடியது. கடைசியில் ஒரு வரி பிடிபட்டது: 'இரண்டு தட்டு வந்தால் போதும். ஆகஸ்டு முப்பத்தொன்றுக்குள் வர வேண்டும்.'

"என்னாடி எழுதியிருக்கான்?" என்றாள் அத்தை.

"ரெண்டு தட்டு வேணுமாம் அத்தை. சீக்கிரம் வேணுமாம்."

அவள் அழுதேவிட்டாள். "எம்புள்ள சாப்புடத் தட்டுகூட இல்லாமயா கெடக்குறான்? வெள்ளக்காரன் வீட்டுல ஒரு தட்டு குடுக்க மாட்டானுங்களா?"

பசாரில் புதுத் தட்டு வாங்கலாம் என்றேன். அவள் கேட்கவில்லை. என் கல்யாணச் சீரில் வந்த பித்தளைத் தட்டுகளை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்தாள். பின்பக்கம் என் பெயர் வெட்டியிருக்கும், 'கமலவேணி' என்று, புள்ளி புள்ளியாக. "பொண்டாட்டி ஊட்டுத் தட்டுல தின்னாத்தான் ஊட்டு நெனப்பு வரும்" என்றாள். இரண்டையும் கோணிச் சாக்கில் வைத்துத் தைத்து, கப்பல் பார்சலில் அனுப்பினோம். விமானத்தில் அனுப்புகிற கனமா அது? போய்ச் சேர ஆறு வாரம் ஆகும் என்றார்கள். அவர் சொன்ன தேதி தப்பிவிடுமே என்று எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. தட்டுதானே, இரண்டு வாரம் பிந்தினால் என்ன என்று விட்டுவிட்டேன்.

ஆகஸ்டு முப்பத்தொன்று, மெர்டேக்கா, மலாயாவின் சுதந்திர நாள் வந்தது. பண்டார் ஹிலிர் திடலுக்குப் போகிற கூட்டம் எல்லாம் எங்கள் கடை வழியாகத்தான் போயிற்று. புதுச் சட்டை போட்டவன் எல்லாம் படம் எடுத்துக்கொண்டான். குடும்பம் குடும்பமாகக் கொடியோடு வந்து நின்றார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை நான் டார்க் ரூமை விட்டு வெளியே வரவில்லை. சிவப்பு விளக்கின் அடியில் தட்டுத் தட்டாகச் சிரித்த முகங்கள் மேலே வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு குடும்பத்திலும் புருஷனும் பெண்டாட்டியும் தோள் உரச நின்றார்கள். எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன்? நாடு சுதந்திரம் அடைந்த அன்றைக்கு நான் என் வீட்டுக்காரரை நினைத்து டெவலப்பரில் கண்ணீர் விட்டேன்.

செப்டம்பரில் கடிதம் இல்லை. கிளம்பி வந்துகொண்டிருக்கிறார், அதனால்தான் எழுதவில்லை என்று அத்தை சொன்னாள். நானும் நம்பினேன். அவர் சட்டைகளை எடுத்துத் துவைத்து இஸ்திரி போட்டு வைத்தேன். கடை வாசலில் யாராவது நின்றால், முதலில் அவர் உயரம் இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன்.

அக்டோபர் நடுவில் தபால்காரர் இப்ராஹீம் பாய் ஒரு கெட்டி உறையைக் கடையிலேயே கொண்டுவந்து கொடுத்தார். கடை முகவரிக்கு, என் பெயருக்கு வந்திருந்தது. என் பெயருக்கென்று அவர் எழுதிய முதல் உறை அதுதான். உள்ளே ஒரு சின்ன பிலிமும் ஒரு துண்டுக் கடிதமும் இருந்தன. பிலிமை வெளிச்சத்தில் பிடித்தேன். எக்ஸ்ரே மாதிரி இருந்தது. கறுப்புக்கு நடுவில் இரண்டு வெள்ளைப் பொட்டு, சுண்டுவிரல் நீளத்துக்கு எட்ட எட்ட. அவற்றுக்கு நடுவில் வெளுத்த கோடு ஒன்று. கோட்டின் நடுவில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு முடிச்சு.

யாருடைய எலும்பு இது என்று யோசித்துக்கொண்டே துண்டுக் கடிதத்தைப் பிரித்தேன்.

'வேணி, உன் பெயர் வெட்டிய தட்டு இரண்டும் செப்டம்பர் பதினாறாம் தேதி வந்து சேர்ந்தன. இது பதிலா, பாத்திரமா என்று தெரியாமல் அன்று முழுக்க அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் முப்பத்தொன்றாம் தேதியே கையெழுத்துப் போட்டுவிட்டேன். தட்டு வந்த மறுநாள் எங்கள் கூடத்துப் பெரியவரிடம் கேட்டு, தாயத்தைக் கழற்றி நியூட்ரான் முன்னால் வைத்தேன். அம்மாவுக்குக் கொடுத்த வாக்குப்படி திறக்கவில்லை. ஈயம் காணாமல் போய்விட்டது. மெழுகும் நூலும்தான் தெரிந்தன. வேணி, கதவு அன்றைக்கே திறந்துதான் இருந்ததா?'

கையெழுத்தா, என்ன கையெழுத்து? கலியாணசுந்தரம் அண்ணனிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து ஜூலைக் கடிதத்தை எடுத்து, தாண்டிப்போன பக்கத்தை முதல் தடவையாகப் படித்தேன்.

'நியூட்ரான் பிலிமின் மேல் நேராக வந்து விழுந்தாலும் அதற்குத் தெரியாது என்று எழுதியிருந்தேன். இண்டியத் தகடுதான் அதை வாங்கி வைத்துக்கொள்ளும். பார்த்தால் தகட்டில் ஒன்றுமே இருக்காது. இருட்டில் பிலிமோடு சேர்த்து வைத்தால், தான் வாங்கியதை மெல்ல மெல்லச் சொல்லும், படம் விழும். ஆனால் தாமதிக்கக் கூடாது. ஐம்பத்து நாலு நிமிடத்தில் தகடு பாதியை மறந்துவிடும். அடுத்த ஐம்பத்து நாலு நிமிடத்தில் மிச்சத்தில் பாதி. தகட்டை எடுத்துக்கொண்டு டார்க் ரூமுக்கு ஓடும்போதெல்லாம் உன்னை நினைத்துக்கொள்கிறேன். நானும் இங்கே பார்த்தது எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு, சொல்ல ஆள் இல்லாமல் நடக்கிறேன்.

'அம்மாவிடம் இதைப் படிக்காதே. இன்னும் மூன்று வருடம் இருக்கச் சொல்கிறார்கள். பெரிய வேலை. நீ அன்றைக்குச் சொன்னதை நினைத்தால், நான் வருவது உனக்கு வேண்டுமா என்றே எனக்குத் தெரியவில்லை. அதனால் கதவுக்கு வெளியே மூன்று முறை தட்டிவிட்டு நிற்கிறேன். உள்ளேயிருந்து இரண்டு தட்டு வந்தால் போதும். ஆகஸ்டு முப்பத்தொன்றுக்குள் வர வேண்டும். புறப்பட்டுவிடுவேன். சத்தம் வராவிட்டால் வெளியிலேயே நிற்பேன்.'

உன்னை நினைத்துக்கொள்கிறேன் என்ற வரி அங்கேதான் இருந்தது. இரண்டு வருடம் நான் தேடிய வரி. நியூட்ரானுக்கு நடுவில் வைத்திருந்தார், நான் படிக்க மாட்டேன் என்று சபதம் எடுத்த இடத்தில். அவர் தட்டியது எனக்குக் கேட்கவே இல்லை. நான் சும்மா இருந்தேன். டார்க் ரூமில் உள்ளே இருப்பவர் சும்மா இருந்தால் வெளியில் இருப்பவர் என்ன செய்ய வேண்டுமோ, அதை அவர் பிசகாமல் செய்துவிட்டார்.

ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு தடவை தட்டாமல் திறந்துகொண்டு வந்திருந்தால் என்ன? பாழாய்ப் போனால் போகட்டும் என்று ஒருநாளாவது கதவைத் தள்ளியிருந்தால் என்ன? இப்படி அவரைத் திட்டிக்கொண்டே அழுதேன். என்னைத் திட்டிக்கொள்ள அதற்குப் பிறகுதான் தோன்றியது.

அத்தை வந்து நின்றாள். மறைக்கத் தெம்பு இல்லை. இரண்டு கடிதத்தையும் ஒரு வரி விடாமல், நியூட்ரானையும் இண்டியத்தையும் விடாமல் சத்தமாகப் படித்தேன். மூன்று வருடம் என்ற இடத்தில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இந்தியாவைப் பற்றிக் கேட்கவில்லை. "அப்ப அவன் சாப்புடத் தட்டு கேக்கலியா?" என்றாள்.

"தட்டுதான் கேட்டாரு அத்தை. அந்தத் தட்டு இல்ல." பலகைச் சுவரில் இரண்டு முறை தட்டிக் காட்டினேன்.

அவள் சுவரையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிலிமை வாங்கி ஜன்னல் பக்கம் பிடித்தாள். தாயத்துக்குள் நான் ஏதோ வைத்தது தெரிந்ததும் ஊரைக் கூட்டுவாள் என்று நினைத்தேன். அவள் குரல் எழும்பவே இல்லை.

"ஏன்டி, நூல்ல முடிச்சுப் போட்டு, மெழுகு வச்சு அடைக்கத் தெரிஞ்சவளுக்கு, 'வந்துருங்க'ன்னு வாயால ஒரு வார்த்த சொல்லத் தெரியலையா?"

சிதறிக் கிடந்த கடிதங்களைப் பொறுக்கி டின்னில் போட்டேன்.

அன்றே விமானக் கடிதம் எழுதினேன். நான்கு தாளைக் கிழித்துப் போட்டு, ஐந்தாவதில் நடந்ததை நடந்தபடி எழுதினேன். 'நீங்கள் தட்டியதை நான் படிக்கவில்லை. கதவு நீங்கள் போன அன்றிலிருந்தே திறந்துதான் இருக்கிறது. எனக்கு நீங்கள் வேண்டும்' என்று எழுதினேன். கடைசி வரியை எழுதும்போது அத்தை பக்கத்தில்தான் இருந்தாள். சத்தமாகப் படித்தும் காட்டினேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். கையெழுத்துப் போட்டது போட்டதுதான், மூன்று வருடத்துக்கு முன்னால் விடமாட்டார்கள் என்று இருவருக்கும் தெரியும். மூன்று வருடத்தில் எத்தனை ஐம்பத்து நாலு நிமிடம் என்று மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டேன்.

மறுநாள் வேலைக்குப் போனேன். குடியுரிமைத் தாளுக்குப் படம் எடுக்க வந்தவர்களின் முகங்கள் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றாகக் கழுவித் தொங்கவிட்டேன். வேலை முடிந்ததும் பேப்பரை எல்லாம் பெட்டியில் போட்டு மூடினேன். மூடியை இரண்டு தடவை சரிபார்த்தேன். வெளிச்சம் பட்டுக் கெடுவதற்கு உள்ளே ஒன்றும் இல்லை. கதவருகே போய் நின்று, விரலை மடக்கி, உள்ளிருந்து இரண்டு முறை தட்டினேன்.

வெளியே கலியாணசுந்தரம் அண்ணனின் நாற்காலி நகர்ந்தது. செருப்புச் சத்தம் கதவு வரைக்கும் வந்தது.

"நா தட்டவே இல்லியேம்மா," என்றார்.

"தெரியும்ண்ணே," என்றேன்.